குங்குமச் சிவப்பு எங்கே நிற்கும்? மேக்கப் படங்களுக்கு இடம் தேடிய கதை

போன வைகாசியில் குடியாத்தம் பக்கம் ஒரு மண்டபத்தில் முகூர்த்த மேக்கப். அரக்குச் சிவப்பில் ஆரணிப் பட்டு, அதற்கு ஒத்துப்போக லிப்ஸ்டிக்கில் இரண்டு ஷேட் கலந்து போட்டிருந்தேன். மறுநாள் பெண்ணின் அத்தை போன் செய்தார். "இன்னா பாப்பா, நேர்ல லட்சணமா இருந்துச்சு, போன்ல பாத்தா பொண்ணு மூஞ்சி வெளுத்துக் கீது, உதடெல்லாம் அப்பின மாதிரி கீது!" என் போனில் அதே படம் பளிச்சென்று இருந்தது. விசாரித்தால், யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க, அதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்தக்காரர்கள் குழுவில் போட, கடைசியில் அத்தை கைக்குப் போய்ச் சேர்ந்தது படத்தின் நிழல்தான்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு பார்லர் வைத்துக்கொண்டு ராணிப்பேட்டை, ஆம்பூர் வரை போய் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள் நான். எனக்குப் படம்தான் விசிட்டிங் கார்டு. அதை எங்கே வைப்பது, எங்கே காட்டுவது? ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் சிவப்பு ஏன் கெடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒப்பீடு முழுக்க அதில்தான் நிற்கிறது. ஜேபெக் (படங்களைச் சேமிக்கும் பொதுவான கோப்பு வகை) படம் சுருங்கும்போது வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தை மேலோட்டமாகவும் வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் நாலு புள்ளிக்குச் (பிக்சல்) சேர்த்து ஒரே நிறம்தான். வெள்ளைச் சட்டைக்கும் கறுப்பு பேண்ட்டுக்கும் இது தெரியாது. குங்குமத்தின் ஓரம், லிப் லைனர், ஐஷேடோவை நாம் தேய்த்துத் தேய்த்துக் கலந்த இடம், இவையெல்லாம் நிறத்தால் மட்டுமே ஆனவை, அதனால் அங்கேதான் அடி விழும். ஐபோனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. அது டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான வண்ணக் கணக்கில் படத்தைச் சேமிக்கும், ஏற்றுகிற இடம் அந்தக் கணக்கைச் சொல்லும் குறிப்பைப் படத்திலிருந்து கழற்றிவிட்டால் சிவப்பு சோர்ந்துபோகும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ணக் கணக்குக்கு மாற்றி ஏற்றினால் இந்தப் பிரச்சினை இல்லை.

சரி, இன்ஸ்டாகிராம். வேலூரில் மணப்பெண்கள் நம்மைத் தேடி வருவது அங்கேதான், அதை விடவே முடியாது. ஆனால் அது கடைக் கண்ணாடி மட்டும்தான். படத்தின் அகலத்தை 1080 புள்ளிக்குக் கொண்டுவந்துவிடும். போனில் எடுத்த சாதாரண 12 மெகாபிக்சல் படத்தை நிறுத்தி வைத்தால் அகலம் 3024, ஆக நீங்கள் ஏற்றியதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். நாமே 1080க்குச் சுருக்கி, கொஞ்சம் கூர்மை கொடுத்து ஏற்றினால் ஜரிகையில் வரும் அலை அலையான கோடுகளை ஏற்றும் முன்பே பார்த்துவிடலாம். 2024 முதல் ஒரே பதிவில் 20 படம் வரை போடலாம், முன்பு 10தான். 2025 தொடக்கத்தில் நம் ப்ரொஃபைல் பக்கத்தின் சதுரக் கட்டங்களை உயரமாக்கிவிட்டார்கள், சதுரத்துக்கு என்று அளந்து பழைய படங்களை அடுக்கியிருந்த எல்லோருக்கும் ஓரம் வெட்டுப்பட்டது. இன்னொன்று, கணக்கு இல்லாத அத்தைகளுக்கு லிங்க் அனுப்பினால் உள்ளே நுழையச் சொல்லித் திரை மறிக்கும்.

கூகுள் போட்டோஸ் இதற்கு நேர் எதிர். புதிதாக ஒருத்தர்கூட அங்கே நம்மைக் கண்டுபிடிக்க மாட்டார், அது பீரோ. ஆனால் நல்ல பீரோ. ஆல்பம் லிங்க்கை யார் வேண்டுமானாலும் கணக்கு இல்லாமலே திறக்கலாம், 'ஒரிஜினல்' என்று தேர்ந்தெடுத்தால் படத்தைத் தொடாமல் வைக்கும். இடம்தான் சிக்கல். 2021 ஜூன் 1 வரை, சுருக்கிச் சேமிக்கும் படங்களுக்கு அளவில்லாமல் இலவசமாகக் கொடுத்தார்கள், இப்போது 15 ஜிபி, அதுவும் மின்னஞ்சலும் டிரைவும் சேர்த்து. ஒரு படம் 4 எம்பி, ஒரு கல்யாணத்துக்கு 150 படம் என்று வையுங்கள், 600 எம்பி ஆகிறது. மொத்தம் 25 கல்யாணம். தையிலிருந்து வைகாசி வரை ஒழுங்காக வேலை வந்தால் ஒரே சீசனில் நிரம்பிவிடும், வீடியோ எடுப்பவர்களுக்கு அதற்கும் முன்பே. நான் காசு கட்டித்தான் வைத்திருக்கிறேன். ஒரு பவுண்டேஷன் பாட்டிலுக்குக் கொடுப்பதை நினைத்தால் இது பெரிய செலவில்லை.

ஃப்ளிக்கர் என்ற படத்தளம் மேல் எனக்கு ஒரு பழைய பாசம். 2004இல் தொடங்கியது, ஒரு காலத்தில் இலவசமாகவே 1 டிபி (ஏறக்குறைய 1000 ஜிபி) கொடுத்தது. 2018இல் ஸ்மக்மக் என்ற நிறுவனம் அதை வாங்கிய பிறகு இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று வரம்பு வந்தது. படத்தைப் பெரிதாக, அழகாகக் காட்டுவதில் இதை மிஞ்ச ஆளில்லை. கேமரா பிடிப்பவர்கள் பார்ப்பார்கள், மணப்பெண் பார்க்க மாட்டாள். அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பைச் சேமிக்கும் இடமாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். 2023இல் வந்த ஹெச்டி பொத்தான் கொஞ்சம் தேவலை. டாகுமென்ட் ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், கூடவே படம் எடுத்த இடத்தின் இருப்பிடக் குறிப்பும் போகும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெண் வீட்டிலேயே மேக்கப் போட்டு எடுத்த படம் என்றால் அது அவர்கள் வீட்டு முகவரி மாதிரிதான்.

அப்புறம் 'சும்மா ஏற்று, லிங்க் எடு' வகை இலவச இடங்கள். 2017இல் போட்டோபக்கெட் திடீரென்று, மற்ற தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் வருடத்துக்கு 399.99 டாலர் கட்டச் சொன்னது, உலகம் முழுக்கப் பக்கங்களில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகைதான் தெரிந்தது. இம்கர் 2023இல், கணக்கோடு சேராமல் சும்மா கிடந்த பழைய படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. எனக்கும் ஓர் அடி விழுந்தது, இடத்தின் பெயர் வேண்டாம். 2020இல் கல்யாணமே இல்லாமல் மாதக்கணக்கில் கணக்கைத் திறக்கவில்லை. திறந்தபோது, பயன்பாடு இல்லை என்று எல்லாவற்றையும் துடைத்திருந்தார்கள். நாற்பது மணப்பெண்கள். அவர்களில் பாதிப் பேரின் படம் என்னிடம் இன்றுவரை இல்லை.

யாரும் ஒப்பிடாத ஒன்றை நான் ஒப்பிட்டுப் பார்த்தேன்: "அக்கா, அந்தப் படத்தை எடுத்துடுங்க" என்று ஒரு பெண் கேட்டால் எங்கே எடுக்க முடியும்? இது நடக்கிற விஷயம். மாப்பிள்ளை வீட்டில் பிடிக்காது, அல்லது பருவோடு இருக்கிற 'முன்', மேக்கப் போட்ட 'பின்' என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் அவளுக்கே சங்கடமாகிவிடும். கூகுள் ஆல்பத்தில் பகிர்வை அணைத்தால் லிங்க் செத்துவிடும். இன்ஸ்டாவில் ஆர்கைவ் போட்டு மறைத்துவிடலாம். பிடித்த படங்களைத் தங்கள் பலகையில் சேமித்துக்கொள்ளும் தளமான பின்டரெஸ்ட்டில் மட்டும் கையை விரிக்க வேண்டியதுதான், நாம் போட்ட படத்தை அழித்தாலும் மற்றவர்கள் சேமித்து வைத்தது அவர்கள் பலகையில் இருக்கும். 'இந்த மாதிரி வேணும் அக்கா' என்று பெண்கள் பாதி லுக்கை அங்கிருந்துதான் காட்டுகிறார்கள், அதனால் நானும் போடுகிறேன், ஆனால் முகம் தெரியாத படம் மட்டும்: கண் ஒன்று, ஜடை அலங்காரம், மருதாணிக் கை.

இப்போது என் வழக்கம் இது. அசல் படங்கள் கூகுளில் ஒரு பிரதி, வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. இன்ஸ்டாவில் பெண் சம்மதித்த ஏழெட்டு படம். குடும்பத்துக்கு ஆல்பம் லிங்க், இருப்பிடக் காட்சியை அணைத்துவிட்டு.

குடியாத்தத்து அத்தைக்கும் அந்த லிங்க்கை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. பெண் முகத்தைப் பற்றியோ உதட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "இன்னா பாப்பா, நூத்தி அம்பது போட்டோவுல என்னுது ஒண்ணு கூட இல்லியே?"