ஏழு நாள் லீவு, மூன்று காடுகள்: கன்ஹாவா, மாசாய் மாராவா, வில்பத்துவா?

அக்கா மூன்று பயணத் திட்டங்களை அனுப்பியிருந்தாள். ஒன்று மத்தியப் பிரதேசத்தின் பென்ச், கன்ஹா காடுகள். இன்னொன்று கென்யா, அதில் மாசாய் மாராவும் உண்டு. மூன்றாவது இலங்கையில் வில்பத்துவும் மின்னேரியாவும். மூன்றுமே ஏழு நாள். போகிறவர்கள் அக்கா, அத்தான், பன்னிரண்டு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் எங்கள் அம்மா. "எதுலடா நிறைய மிருகம் பார்க்கலாம்?" என்று கேட்டிருந்தாள்.

மூன்று இடங்களுக்கும் நான் போயிருக்கிறேன், கன்ஹாவுக்கு இரண்டு முறை. மிருகக் கணக்கு போட்டால் கென்யாதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்துக் காட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர் வருத்தத்தோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவளிடம் நான் கேட்டது வேறு இரண்டு கேள்விகள். லீவு எந்த மாதம்? அந்த ஏழு நாளில் காட்டுக்குள் இருக்கப்போவது எத்தனை மணி நேரம்?

முதலில் மாதம்

நம் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். கன்ஹாவில் அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டும். புல்லும் புதரும் காய்ந்து, தண்ணீர் சில குட்டைகளில் மட்டும் மிஞ்சும். புலி அந்தக் குட்டையைத் தேடி வந்தே ஆக வேண்டும். வந்தால் உடம்பைத் தண்ணீரில் நனைத்தபடி நெடுநேரம் படுத்துக்கிடக்கும். புலியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், நம் மே மாத லீவைப் போல் பொருத்தமான காலம் கிடையாது. கூரையில்லாத ஜிப்சி ஜீப்பில் பிற்பகல் வெயிலைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே மே மாதத்தில் மாராவில் பெருமழைக் காலம். அங்கேயும் நம்மூர் போலக் கரிசல் மண் உண்டு. மழையில் கரிசல் என்ன செய்யும் என்று கோவில்பட்டிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வண்டி புதையும், பாதை மாறும், தங்கும் முகாம்கள் சில மூடிவிடும். கட்டணம் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் வாழ்நாளில் ஒரு முறை போகிற குடும்பத்தை அந்த மாதத்தில் அனுப்ப எனக்கு மனம் வராது.

இலங்கையின் வறண்ட பகுதி மே மாதத்தில்தான் காயத் தொடங்குகிறது. பாலைப்பழம் பழுக்கும் காலமும் அதுதான். வன்னிக் காட்டோடு பழகியவர்களுக்கு அந்த மரத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே முதல் ஜூலை வரை கரடிகள் பழத்துக்காக மரம் ஏறுவதைப் பகலிலேயே பார்க்கலாம். யானைகள் மின்னேரியாக் குளத்தில் கூட்டமாகச் சேர்வது இன்னும் தள்ளி, ஆகஸ்ட், செப்டம்பரில்.

காலாண்டு லீவு என்றால் நிலைமை தலைகீழ். மத்தியப் பிரதேசக் காடுகளின் உள்பகுதி ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடியிருக்கும். அக்டோபரில் திறந்தாலும் புல் ஆளுயரம் நிற்கும். மாராவில் அப்போது, தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வந்த வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் மான் வகை) மந்தைகள் இன்னும் மேய்ந்துகொண்டிருக்கும். மின்னேரியாவும் உச்சத்தில் இருக்கும். இலங்கையிலேயே யால காட்டுக்குப் போக நினைக்கிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அதன் முதல் பிரிவைச் செப்டம்பர் வாக்கில் வறட்சிக்காக மூடுவது வழக்கம்.

பொங்கலையொட்டி லீவு போடுகிறவர்களுக்கு மாரா நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. பெரிய மந்தைகள் அப்போது தெற்கே தான்சானியாவில் இருக்கும். ஆனால் சிங்கமும் சிவிங்கிப்புலியும் (சீட்டா) யானையும் மாராவை விட்டு எங்கேயும் போவதில்லை. நுழைவுக் கட்டணமும் பாதி. மாரா தேசியக் காப்பகத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024 முதல் இதுதான் நடைமுறை. மூன்று நாள் என்றால் ஆளுக்கு 300 டாலருக்கும் 600 டாலருக்கும் உள்ள வித்தியாசம். நான் போனது பிப்ரவரியில். ஆற்றைக் கடக்கும் மந்தையைப் பார்க்கவில்லை என்ற குறை எனக்கு இல்லை.

மணிக்கணக்கு

அக்கா அனுப்பிய கென்யத் திட்டத்தில் ஆறு இரவுக்கு நான்கு காடுகள்: அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா. படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நைரோபியிலிருந்து அம்போசெலிக்கு நான்கு மணி நேரம், அங்கிருந்து நைவாஷா ஆறேழு மணி நேரம், நகுருவிலிருந்து மாரா ஐந்தாறு மணி நேரம், மாராவிலிருந்து திரும்ப நைரோபி இன்னொரு ஐந்தாறு மணி நேரம். இருபது மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே போய்விடும். நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு முகவர் போட்டுக்கொடுத்த திட்டத்தில் போய், மாராவில் ஒரே ஒரு முழு நாள் இருந்துவிட்டு வந்தார். அன்று மழை.

அதே ஏழு நாளில் மாராவில் மட்டும் நான்கு இரவு தங்கினால் கணக்கே வேறு. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை உள்ளே இருக்கலாம். மூன்று முழு நாளுக்குத் தினம் பத்து மணி நேரம், போகிற மாலையும் வருகிற காலையும் சேர்த்தால் முப்பத்தைந்து மணி நேரம் கிடைக்கும்.

பென்ச், கன்ஹா திட்டத்தில் தினம் இரண்டு சவாரி. காலையில் ஐந்து மணி நேரம், பிற்பகலில் மூன்று. நாக்பூரில் இறங்கினால் பென்ச் இரண்டு மணி நேரப் பயணம்தான். அங்கே இரண்டு இரவு, பிறகு கன்ஹாவில் மூன்று இரவு என்று வைத்தால் ஐந்து காலை, மூன்று பிற்பகல், மொத்தம் முப்பத்துநான்கு மணி நேரம். புதன்கிழமை பிற்பகல் காடு மூடியிருக்கும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. அது தெரியாமல் தேதி போட்டு ஒரு சவாரியை இழப்பவர்கள் நிறைய.

வில்பத்து, மின்னேரியாவில் இருபத்துநான்கு மணி நேரம் போலத்தான் வரும். வில்பத்துவில் விடியலில் போய் மாலை வரை முழு நாள் உள்ளே இருக்கலாம். மின்னேரியாவில் பிற்பகல் மட்டும் போதும். எண்ணிக்கையில் இது குறைவு. ஆனால் மிச்ச நேரம் சாலையில் வீணாகாது. அனுராதபுரம், சிகிரியா எல்லாம் அதே வழியில்தான். வயதானவர்கள் கூட வந்தால் இந்த இடைவெளி தேவையும்கூட.

எப்படிப் பார்க்கப்போகிறோம்

ஒவ்வொரு காட்டிலும் பார்க்கும் விதமே வேறு என்பதை எந்தப் பயணத் திட்டத்திலும் யாரும் எழுதுவதில்லை.

கன்ஹாவில் கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை. ஜனவரி விடியலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சால மரங்களுக்கு நடுவே போகிறோம். புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. வழிகாட்டி கையைத் தூக்க, ஓட்டுநர் எஞ்சினை நிறுத்துகிறார். தூரத்தில் மந்தி ஒன்று குரைக்கிறது. பிறகு புள்ளிமான். "புள்ளிமான் சும்மாவும் கத்தும், கடமான் கத்தினால்தான் நம்பலாம்" என்றார் எங்கள் வழிகாட்டி. பக்கத்து ஊர்க்காரர். கடமான் கத்தியது. நாற்பது நிமிடம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தோம். குரல் மெல்ல மெல்ல எதிர்த்திசையில் நகர்ந்து போயே போய்விட்டது. அடுத்த நாள் புலி சாலையைக் கடந்தது, அரை நிமிடம் இருக்குமா தெரியாது. எனக்கு இன்றும் அதிகம் நினைவுக்கு வருவது முதல் நாளின் நாற்பது நிமிடம்தான்.

2022 கணக்கெடுப்பில் இந்தியாவிலேயே அதிகப் புலிகள் மத்தியப் பிரதேசத்தில்தான், 785. அப்படியும் எல்லாச் சவாரியிலும் புலி வராது. எட்டுச் சவாரியில் நாங்கள் பார்த்தது மூன்றில். புலி வராத நாளிலும் கன்ஹாவில் பார்க்க பாரசிங்கா மான் இருக்கிறது. கெட்டி நிலத்தில் வாழும் இந்த வகை, 1970-இல் இங்கே 66 ஆகச் சுருங்கிவிட்டது. வேலியிட்டுப் பெருக்கி, புல்வெளியைக் காத்து, இன்று ஆயிரத்தைத் தொடும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மான்கள் மேயும் புல்வெளிகளில் பல, ஒரு காலத்தில் ஊர்கள் இருந்த இடம். பைகா, கோண்டு மக்களை அப்புறப்படுத்திய பிறகு அவர்களின் வயல்கள்தான் புல்வெளியாக நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மாராவில் எதுவும் ஒளிந்திருப்பதில்லை. கண்ணுக்கெட்டிய வரை புல். அதனால் ஒரு மிருகத்தை 'பார்த்தோம்' என்பதோடு நிற்காது, அதன் ஒரு நாளில் பாதியைக் கூடவே இருந்து பார்க்கலாம். கரையான் புற்றின் மேல் ஏறி நின்ற சிவிங்கிப்புலி ஒன்றை நாங்கள் இரண்டு மணி நேரம் பார்த்தோம். மூன்று முறை இறங்கி நடந்தது, ஒரு முறை பாய்ந்தது, இம்பாலா மான் தப்பிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைப் போல் வேறு பாடம் கிடைக்காது. நாற்பது நிமிட மௌனத்தில் அந்த வயது உட்காராது.

ஆனால் மாராவில் வண்டிகள் தொல்லை. சிங்கம் ஒன்று தெரிந்தால் ரேடியோவில் செய்தி பறந்து, சுற்றிலும் இருபது வண்டி நிற்கும். சுற்றுலா அதிகமுள்ள பகுதிகளில் சிவிங்கிப்புலிக் குட்டிகள் குறைவாகவே பிழைத்து வளர்கின்றன என்று மாராவில் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. அதைப் படித்த பிறகு என் பரிந்துரை ஒன்றுதான்: தேசியக் காப்பகத்தை ஒட்டி மாசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் காப்பகங்கள் இருக்கின்றன. நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்றவை. அங்கே தங்குகிறவர்களின் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. பணம் கூடுதல்தான். அந்தப் பணத்தில் ஒரு பங்கு நிலத்துக்காரர்களுக்கு வாடகையாகப் போகிறது. ஒரு காட்டைக் குறைத்துக்கொண்டு அந்தச் செலவை இங்கே போடுங்கள்.

வில்பத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடர்ந்த காட்டு மணல்பாதையில் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று வெளி திறந்து, நடுவே தண்ணீர். 'வில்லு' என்று சொல்கிற இயற்கைக் குளங்கள் அவை. இலங்கையில் புலியும் சிங்கமும் இல்லாததால் அங்கே சிறுத்தைதான் காட்டின் தலை. நம்மூரில் மரத்துக்குள் பதுங்கும் விலங்கு, அங்கே பட்டப்பகலில் மணலில் படுத்திருக்கும். யாலவில் இன்னும் எளிதாகத் தெரியும், ஆனால் ஜீப் நெரிசலும் அங்கேதான். வில்பத்துவில் ஒரு வில்லுக்கரையில் நாங்கள் ஒரே வண்டியாக ஒரு மணி நேரம் நின்றோம். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த காடு, 2010-இல்தான் மீண்டும் திறந்தது.

நடைமுறைச் சங்கதிகள்

கன்ஹாவுக்கான அனுமதிச் சீட்டை இணையத்தில் மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் அதில் இருக்கும். வாசலில் அசல் அட்டையைக் காட்ட வேண்டும். ஒரு ஜிப்சியில் ஆறு பேர் வரை போகலாம், ஐந்து பேர் குடும்பத்துக்கு வசதி. சென்னையிலிருந்து ரயிலில் நாக்பூர் ஓர் இரவும் அரைப் பகலும்.

கென்யாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும், புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால். இல்லையென்றால் திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்த நேரிடும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். வயதானவர்கள் சிலருக்கு இந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. எங்கள் அம்மாவுக்கு 68 வயது. கென்யாவைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் உறுத்தியது இதுதான்.

இவ்வளவு தூரம் எதற்கு, கபினி பக்கத்தில்தானே இருக்கிறது என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஏப்ரல், மே மாதங்களில் கபினி நீர்த்தேக்கம் வற்றும்போது கரைப் புல்லுக்கு யானைகள் கூட்டமாக வருவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். ஆனால் புலி தாக்கி ஊர்மக்கள் இறந்ததையடுத்து, 2025 நவம்பரில் கபினியை ஒட்டிய நாகரஹொளே, பண்டிப்பூர் காடுகளின் சஃபாரிகளைக் கர்நாடக அரசு நிறுத்தியது. அந்தப் பக்கம் போகிறவர்கள் நிலவரத்தைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். மேலும் கபினி மூன்று நாளில் முடிந்துவிடும். ஏழு நாள் லீவை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

அக்காவுக்கு லீவு மே இரண்டாம் வாரம். மாரா அதிலேயே விழுந்துவிட்டது. பெரியவனுக்குப் புலி வேண்டும், அம்மாவுக்கு வெயில் ஆகாது. இரண்டு நாள் பேசி, இப்படி முடிவு செய்தோம். இந்த மே மாதம் அக்கா, அத்தான், பிள்ளைகள் நான்கு பேரும் பென்ச், கன்ஹா. அம்மாவை நான் ஆகஸ்டில் மின்னேரியாவுக்குக் கூட்டிப்போகிறேன். சாயங்காலம் குளத்துக்கரையில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே யானைக் கூட்டத்தைப் பார்க்கலாம் என்று சொன்னதும், "குட்டியெல்லாமும் வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன்.