சொந்த எரிவாயுவா, கப்பலில் வரும் எரிபொருளா: மின்நிலையத்துக்கு எது தாங்கும்?

வளரும் நாடொன்றில் புது மின்நிலையத்துக்கு எரிபொருள் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபர்னஸ் ஆயில் (கனமான கறுப்பு எண்ணெய்) எஞ்சின்களையே இன்னும் சிலது சேர்த்துப் போடலாம். நிலக்கரி இறக்குமதி செய்யலாம். எல்என்ஜி, அதாவது குளிர வைத்துத் திரவமாக்கிக் கப்பலில் வரும் எரிவாயுவை, இறக்குமதி செய்யலாம். இல்லையென்றால், நாட்டின் கடற்பரப்பிலேயே கிடைத்திருந்த எரிவாயுவைக் குழாயில் கொண்டுவந்து எரிக்கலாம். கடைசியைத்தான் தேர்ந்தெடுத்தோம். இன்று மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்று போட்ட ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மாற்றி எழுதாமல் விடமாட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி ஏறக்குறைய 900 கிராமோ அதற்கு மேலோ கரியமில வாயு விடும். டர்பைன் விடும் சூட்டில் நீராவி ஆக்கி இன்னொரு முறை மின்சாரம் எடுக்கும் கம்பைன்ட் சைக்கிள் எரிவாயு நிலையம் 400 கிராம் அளவில் நிற்கும். சாம்பல் குளம் வேண்டாம், நிலக்கரி இறக்க ஜெட்டி வேண்டாம், கட்டி முடிக்கவும் காலம் குறைவு. நிலக்கரிக்கு எதிராக எங்களை முதலில் யோசிக்க வைத்தது புகைகூட இல்லை, கிரிட்டின் அளவு. 2,000 மெகாவாட் கிரிட்டில் 300 மெகாவாட் நிலக்கரி இயந்திரம் ஒன்று திடீரென்று நின்றுவிட்டால் அதிர்வெண் சரிந்து ஊரே இருட்டாகும். நிலக்கரி நிலையத்தை நான் நடத்தியதில்லை. அதனால் இதற்கு மேல் அதைப் பற்றி நீட்டவில்லை.

ஃபர்னஸ் ஆயிலோடு மட்டும் பதினோரு வருடம் வாழ்ந்திருக்கிறேன். குளிர்ந்தால் தார் மாதிரி உறைந்து கிடக்கும். 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் இன்ஜெக்டருக்குள் போகும். அதற்கு முன் பியூரிஃபையரில் சுழற்றித் தண்ணீரையும் கசடையும் பிரிக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு போகாது. இவ்வளவு தொல்லைக்கும் நடுவில் அதற்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. டேங்கில் டேப்பை இறக்கி டிப் எடுத்தால் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று கையில் தெரியும்.

எரிவாயுவில் அந்த நிம்மதி கிடையாது. கண்ணில் படுவது பிரஷர் மட்டும்தான். எங்கள் டர்பைனுக்கு வாசலில் 25 பார் பிரஷர் இருந்தாக வேண்டும். வெயில் காலத்து ஒரு மாலை, லோடு ஏறுகிற நேரம். கன்ட்ரோல் ரூம் திரையில் 28 என்றிருந்தது 27 ஆனது, 26.5 ஆனது. கடலில் ஒரு கம்ப்ரசர் நின்றுவிட்டதாகத் தகவல் வருவதற்குள் ஆபரேட்டர் லோடைக் குறைக்கத் தொடங்கிவிட்டார். யாரும் பேசவில்லை. டீசலுக்கு மாற்றித்தான் அன்று தப்பித்தோம். டர்பைனை டீசலிலும் ஓடும்படி வாங்கி, ஐந்து நாளுக்கான டேங்க்கும் கட்டியதை அதற்கு முன் வீண் செலவு என்று சொன்னவர்கள் உண்டு. சொந்த எரிவாயு என்று போகிறவர்கள் இந்த டேங்க்கை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அடுத்து அளவு. 100 மெகாவாட் கம்பைன்ட் சைக்கிள் நாள் முழுக்க ஓட ஏறக்குறைய 1.6 கோடி கன அடி வாயு போதும். அப்படியென்றால் ஒரு டிரில்லியன், அதாவது ஒரு லட்சம் கோடி கன அடி எடுக்கக்கூடிய படுகை, 1,000 மெகாவாட்டை 17 வருடம் ஓட்டும். அதே வாயுவை எல்என்ஜி ஆக்கி ஏற்றுமதி செய்யலாமே என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். ஆண்டுக்கு பத்து லட்சம் டன் எல்என்ஜியை இருபது வருடம் ஏற்றினால் அந்தப் படுகை காலி. ஆனால் கரையில் கட்டும் ஒரு வழக்கமான எல்என்ஜி ஆலைக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு வேண்டும். மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைப்பதற்கே வாயுவில் ஒரு பங்கு எரிந்துபோகும். ஆக, நடுத்தரப் படுகைக்கு உள்நாட்டு மின்நிலையம்தான் இயல்பான வாடிக்கையாளர். தான்சானியாவின் சொங்கோ சொங்கோவில் 1974-லேயே வாயு கிடைத்தது. முப்பது வருடம் அது மண்ணுக்கடியில் சும்மா கிடந்தது. 2004-ல் தார் எஸ் சலாமில் தினமும் வாங்கி எரிக்க ஒரு மின்நிலையம் வந்த பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது. பக்கத்திலிருந்த சிமென்ட் ஆலையும் அதே குழாயில் சேர்ந்துகொண்டது.

இதுவரை சொன்ன எதுவும் என் தேர்வைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒரே கேள்வி: எரிபொருள் பில்லை எந்தப் பணத்தில், எப்போது கட்ட வேண்டும்?

2022-ஐ நினைத்துப் பாருங்கள். இலங்கையில் மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எண்ணெய் வாங்க டாலர் இல்லை. ஜூலையில் வங்கதேசம் ஸ்பாட் சந்தையில், அதாவது நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அன்றைய விலைக்கு, எல்என்ஜி வாங்குவதையே நிறுத்தியது. பாகிஸ்தான் அதே மாதம் விட்ட எல்என்ஜி டெண்டருக்கு ஒருவர்கூட விலை கொடுக்கவில்லை. முக்கியச் சிக்கல் இயந்திரங்களும் இல்லை, ஆட்களும் இல்லை. ஏறிய விலைக்கு ஈடுகொடுக்கும் டாலரும், கப்பலுக்கு முன்கூட்டிக் காட்ட வேண்டிய எல்சியும் (பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) தான் போதவில்லை. ஃபர்னஸ் ஆயில், நிலக்கரி, எல்என்ஜி மூன்றும் இந்த ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. குழாயில் வரும் சொந்த வாயுவுக்கு எல்சி தேவையில்லை. ஒரு மாதம் பில் தாமதமானாலும் பேசித் தீர்க்கலாம், வால்வை உடனே மூடமாட்டார்கள். இந்த அவகாசம் எவ்வளவு பெரியது என்பது டாலர் வறட்சியில் மின்நிலையம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். நம் கடலின் வாயு, அதனால் டாலர் இல்லை என்று எண்ணிக்கொண்டோம். தோண்டுகிறவர்கள் வெளிநாட்டு நிறுவனம். கிணறு போட்ட செலவை டாலரில் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள், அது நியாயமும்தான். நாங்களோ முழு விலையையும் டாலரில் எழுதிக்கொடுத்தோம். மக்களிடம் வசூலிப்பது உள்நாட்டுப் பணம். அதன் மதிப்பு பாதியாக விழுந்தால், நம் காலடியிலிருந்து வரும் வாயுவுக்கே பில் இரட்டிப்பாகும். முதலீட்டைத் திருப்பும் பங்கை மட்டும் டாலரில் வைத்து, அரசின் பங்கையும் உள்ளூரில் ஆகும் செலவையும் உள்நாட்டுப் பணத்தில் பிரித்து எழுதியிருக்கலாம். அதைக் கேட்கக்கூட இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இரண்டாவது, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்கிற டேக் ஆர் பே. இது இல்லாமல் யாரும் கடலில் கிணறு தோண்ட மாட்டார்கள். கேள்வி எவ்வளவுக்கு, எந்தக் கணக்கில் என்பதுதான். கானாவில் சான்கோஃபா கடல் வயலின் வாயு 2018-ல் வந்தது. வாயு இறங்கியது நாட்டின் மேற்குக் கரையில். மின்நிலையங்கள் பல கிழக்கே தேமாவில். எரிக்காத வாயுவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. எங்களுக்கு மழைக்காலம் வினையானது. அணைகள் நிரம்பி நீர்மின்சாரம் மலிவாகப் பாயும்போது எங்கள் டர்பைனைக் குறைக்கச் சொல்வார்கள். மாதக் கணக்கில் குறைந்தபட்சத் தொகை மட்டும் குறையாது. ஆண்டுக் கணக்காக வைத்து, பணம் கட்டியும் எடுக்காத வாயுவைப் பின்னால் எடுத்துக்கொள்ளும் உரிமையையும் எழுதியிருந்தால் இந்த இழப்பு வந்திருக்காது.

வசூல் சரியில்லாத இடத்தில் ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. நைஜீரியாவின் இருப்பு 200 டிரில்லியன் கன அடிக்கு மேல். அங்கே வாயு இல்லாமல் மின்நிலையங்கள் நிற்கின்றன. மின்கட்டணம் முழுதாக வசூலாவதில்லை, அதனால் வாயு கொடுத்தவருக்குப் பாக்கி. அதே நாட்டின் போனித் தீவிலிருந்து 1999 முதல் எல்என்ஜி ஏற்றுமதியாகிறது. ஏற்றுமதியில் காசு தவறாமல் வருகிறது. வாயு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படுகை வற்றுவதையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் கேஜி-டி6 வயல் 2009-ல் வாயு உற்பத்தி தொடங்கி, சில வருடங்களிலேயே இறங்கிவிட்டது. அதை நம்பிக் கட்டிய மின்நிலையங்கள் சும்மா நின்றன. எகிப்தில் ஸோர் எரிவாயு வயல் 2017 கடைசியில் வந்தது, அடுத்த வருடமே 14,400 மெகாவாட்டுக்கு மூன்று பெரிய நிலையங்கள் முடிந்தன. பிறகு வாயு போதாமல் 2023 கோடையில் சுழற்சி மின்வெட்டு, 2024-ல் மீண்டும் எல்என்ஜி இறக்குமதி. இதற்குப் பயந்துதான் எங்கள் நிலையத்தை இரண்டு கட்டமாகப் பிரித்தோம். முதல் கட்டம், படுகை பதினைந்து வருடம் சரியாமல் தரும் என்று கணக்கிட்ட அளவுக்கு மட்டும்.

சூரிய மின்சாரத்தை ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்பார்கள். பகலில் அதன் விலைக்கு எரிவாயு ஈடாகாது. மாலையில் சூரியன் இறங்கும்போது சட்டென்று ஏறி நிற்க எரிவாயு டர்பைன் நல்ல துணை. பேட்டரி இந்த மாலை வேலையையும் எடுத்துக்கொள்ளலாம். பெரிய பேட்டரி நிலையத்தை நான் ஓட்டிப் பார்க்காததால் அடித்துச் சொல்ல மாட்டேன். அது நடந்தால் எங்கள் டர்பைன் இன்னும் குறைவாக ஓடும். 25 வருடத்துக்குப் பெரிய குறைந்தபட்ச அளவை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். மீத்தேன் கசிவைப் பொறுத்தவரை, எங்கள் வேலிக்குள் ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் (குழாய் இணைப்பு) கருவி வைத்துச் சோதிக்கிறோம். கிணற்றிலிருந்து வேலி வரையுள்ள தூரத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

இரண்டாம் கட்டத்துக்கான ஒப்பந்த வரைவு இப்போது சுற்றில் இருக்கிறது. என்னிடம் வந்த பிரதியில் மூன்று திருத்தங்கள் போட்டேன்: விலையை இரண்டு பணமாகப் பிரிப்பது, டேக் ஆர் பேயை ஆண்டுக் கணக்கில் வைப்பது, எடுக்காத வாயுவை மூன்று வருடத்துக்குள் எடுக்கும் உரிமை. இவை இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.