நாய்க்குட்டி இரவில் கூட்டுக்குள்ளா, வெளியிலா? எப்போது திறந்துவிடலாம்?

சிட்டுவின் கூட்டுக் கதவை இரவில் பூட்டாமல் விடத் தொடங்கி 3 மாதம் ஆகிறது. அவளுக்கு இப்போது 14 மாதம். லாப்ரடோர் கலப்பு. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு 8 வாரக் குட்டியாக வந்தவள். வந்த அன்றைக்கே, இரவில் இவள் எங்கே படுப்பது என்று வீட்டில் மூன்று கட்சி பிரிந்துவிட்டது. "நாயெண்டால் வாசல்ல கிடக்கணும் புள்ள, உள்ளுக்க என்னத்துக்கு?" என்றார் அம்மா. 9 வயது மகன் தன் பாயில் பாதியை ஒதுக்கிக் கொடுத்துவிட்டான். நான் கூடு என்றேன்.

முன்பு எங்களிடம் இருந்த நாயையும் சேர்த்தால் மூன்றையுமே ஏதோ ஓரளவுக்குப் பார்த்தாகிவிட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வயது நெருங்கும் வரை குட்டிக்கு இரவில் கூடுதான் நல்லது. நான் 5 மாதத்தில் ஒருமுறை திறந்துவிட்டேன், அது என் பிழை.

வெளியில் படுக்க வைப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் பெரும்பாலான நாய்கள் விறாந்தையிலும் வளவிலும்தான் படுக்கின்றன. வளர்ந்த நாட்டு நாய்க்கு அது ஒத்துவருகிறது, அம்மா சொல்கிற காவலும் உண்மைதான். குட்டியின் நிலைமை வேறு. தடுப்பூசிகள் போட்டு முடியவே ஏறத்தாழ 16 வாரம் ஆகும். அதற்குள் தெருநாய்கள் வந்துபோகிற வளவில் சத்தியும் வயிற்றுப்போக்குமாகக் குட்டிகளைக் கொல்கிற பார்வோ வைரஸ் கிடந்தால் பெரிய ஆபத்து. அது மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். விரியனோ நாகமோ வந்தால் வளர்ந்த நாய் பெரும்பாலும் தள்ளி நின்று குரைக்கும், குட்டி மூக்கைக் கொண்டுபோய் வைக்கும். கார்த்திகை, மார்கழி மழைக்கு எங்கள் வளவில் தண்ணீர் வேறு நிற்கும். முன்பு எங்களிடம் இருந்த வீமன் குட்டியிலிருந்தே வெளியில் படுத்தவன். 7 மாதத்தில் ஒரு விடியற்காலை கேற்றுக்குக் கீழால் நுழைந்து கல்முனை வீதிக்குப் போய் வாகனத்தில் அடிபட்டான். அதற்குப் பிறகு இரவில் ஒரு குட்டியை வெளியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எனக்கு உண்மையான கேள்வி, வீட்டுக்குள் கூடா, இல்லை திறந்த அறையா என்பதுதான்.

இதைப் பெரும்பாலானவர்கள் சிறுநீரை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் எத்தனை மணித்தியாலம் அடக்கும் என்று ஏறத்தாழத் தெரிந்துகொள்ளலாம். இரவில் உறங்கும்போது இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். முதல் இரண்டு கிழமை 11 மணி, 2 மணி, 4.30 என்று எழும்பித் தூக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனேன். 4 மாதம் முடியும்போது இரவு 10.30க்குப் படுத்தால் விடிய 5 மணி வரை ஒரு சொட்டு இல்லை. படுக்கிற இடத்தை நனைக்க நாய் விரும்பாது, கூடு அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் கூடு பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் பெய்துவிட்டு மறு மூலையில் படுக்கும். நான் வெல்டிங் கடையில் 42 அங்குல நீளத்தில் கம்பிக் கூடு செய்வித்து, நடுவில் பலகை வைத்து மறித்திருந்தேன். அவள் வளர வளரப் பலகையைப் பின்னால் தள்ளினேன். திறந்த அறையில் இந்தப் பழக்கம் வருவதற்கு நாள் எடுக்கும். சீமெந்துத் தரையில் ஒருமுறை பட்ட வாசம் மறுபடி அதே இடத்துக்கு இழுக்கும். அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் நாயின் மூக்குக்கு அதுவே சிறுநீர் மாதிரித்தான் மணக்கும். சரி, இது எல்லோரும் எப்படியும் சமாளித்துவிடுகிற விஷயம்.

நனைக்காத இரவுகள் ஒரு மாதம் தொடர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மகனும் கேட்டுக்கொண்டே இருந்தான். 5 மாதத்தில் கூட்டுக் கதவைத் திறந்து, ஹோலில் அவள் இஷ்டத்துக்கு விட்டோம். முதல் மூன்று இரவும் மகனின் பாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தாள். நான்காம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் வாசல் தும்புக் கால்மிதியில் கால்வாசி இல்லை. தரையில் கிடந்தது ஒரு கைப்பிடிதான். மிச்சம் அவள் வயிற்றுக்குள்.

காலைச் சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பினாள். பத்து மணிக்குள் மூன்று தடவை சத்தி, ஒவ்வொன்றிலும் தும்பு. மிருக வைத்தியர் வயிற்றை அமத்திப் பார்த்தார். துணி, நூல், தும்பு மாதிரியானவை எக்ஸ்ரேயில் நேராகத் தெரியாது என்றும், குடல் அடைபட்டிருக்கிற அடையாளம் இருக்கிறதா என்றுதான் அதில் பார்க்க முடியும் என்றும் விளக்கினார். தும்பு உருண்டையாகக் கிடந்தாலாவது பரவாயில்லை, நீள நூலாக ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் அதன்மேல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, நூல் குடலையே அறுத்துவிடும் என்றார். பின்பக்கம் நூல் தொங்கினால் ஒருபோதும் பிடித்து இழுக்கக் கூடாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். இரண்டு நாள் தண்ணீரும் கஞ்சியுமாகப் பார்த்திருந்தோம். மூன்றாம் நாள் எல்லாம் வெளியே வந்தது. சிட்டு தப்பியது எங்கள் நல்ல காலம்.

அந்த இரண்டு இரவும் என்னைப் பயமுறுத்தியது நேரம்தான். அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகம் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். வயிற்றை வெட்டித் திறக்கிற அளவு பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைதான் எனக்கு ஞாபகம் வந்தது, அது பல மணித்தியாலப் பயணம். இரவு 2 மணிக்கு விழுங்கிவிட்டு, நாம் விடிய 6 மணிக்குக் கண்டுபிடித்தால் நான்கு மணித்தியாலம் அங்கேயே போய்விட்டது. பட்டணத்தில் இரவு பகலாகத் திறந்திருக்கிற வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருப்பவர் எடுக்கிற துணிவை இங்கே நாம் எடுக்க முடியாது.

ஆகவே எப்போது திறந்துவிடலாம் என்பதை எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது குட்டியின் வாய்தான். சிறுநீரைத் துடைத்துவிடலாம், விழுங்கினதை எடுக்க முடியாது. குட்டிக்கு 28 பாற்பற்கள். ஏறத்தாழ 4 மாதத்தில் விழத் தொடங்கி, 6, 7 மாதத்தில் நிரந்தரப் பற்கள் 42உம் முளைத்துவிடும். பல்முரசு தினவெடுக்கிற அந்தக் காலத்தின் நட்ட நடுவில்தான் நான் கதவைத் திறந்திருக்கிறேன். பல் முளைத்து முடிந்ததும் கடிப்பதும் நின்றுவிடும் என்றில்லை. லாப்ரடோர் மாதிரி வாயால் தூக்கித் திரிகிற இனங்கள் ஒரு வயது தாண்டியும் கடிக்கும்.

பகலில் அதே கால்மிதியை அவள் தொட்டதே இல்லை. அதனால்தான் ஏமாந்தேன். பகலில் யாராவது ஒருவர் "ஏய்" என்பதற்கு இருந்தோம், அவளும் விட்டுவிடுவாள். இரவில் முழிப்பு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, வாய்க்கு வேலை வேண்டும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது காட்டுகிற ஒழுக்கத்தை இரவுக்கும் சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது.

"ஒரு அறையைச் சுத்தமாக ஒதுக்கிவிட்டு அதற்குள் விட்டால் போதுமே" என்பார்கள். அப்படி ஓர் அறை இருந்தால் அது நல்ல வழி, நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஹோல், இரண்டு அறை, படுக்கை பெரும்பாலும் பாயில். பாயில் படுக்கிற வீட்டில் எல்லாச் சாமானும் நாயின் வாய் உயரத்தில்தான் இருக்கும். தலைமாட்டில் போன் சார்ஜர், கால்மாட்டில் நுளம்புத்திரி, மகனின் பற்றரி விளையாட்டுச் சாமான். அம்மாவின் வெற்றிலைத் தட்டு இன்னும் மோசம். பாக்கில் இருக்கிற அரெகொலின் என்ற பொருளை ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாகவே கொடுத்தார்கள். அளவு கூடினால் வாயால் நீர் வடிந்து, சத்தியும் வயிற்றுப்போக்குமாக விழுத்திவிடும். சுண்ணாம்பு வாயைப் பொக்கவைக்கும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இரை வாசத்தோடு தூண்டில் முள் கிடக்கும். ஒவ்வொரு இரவும், களைத்துப்போய்ப் படுக்கப் போகிற நேரத்தில், இதில் ஒன்றைக்கூட மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும். கூட்டில் பூட்ட வேண்டியது ஒரு கதவுதான்.

வெக்கையில் கூடு தோற்கிறது, அதை மறைக்க மாட்டேன். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும்தான். மற்றபடி இளைத்து இளைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும், அதற்குக் காற்று ஓட வேண்டும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் கரண்டும் போய்விட்டால் கூட்டுக்குள் அவள் படுகிற பாடு பார்க்க முடியாது. அடித்தட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டை வெறும் சீமெந்துத் தரையில் ஜன்னலோரம் வைத்தேன், மேலே துணி போடவில்லை, தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் மாட்டினேன். அப்படியும் இரண்டு இரவு அவளைக் கூட்டிலிருந்து எடுத்து, கயிற்றைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே படுத்தேன். நாலு பக்கமும் அடைத்த பிளாஸ்டிக் கூடுதான் இருக்கிறது என்றால் அந்த மாதங்களில் அதைப் பாவிக்கச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், கழுத்துப்பட்டியைக் கழற்றாமல் கூட்டில் போடவே கூடாது. கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும்.

9 மாதத்தில் பகல் சோதனையைத் தொடங்கினேன். பழைய போனை வீடியோவில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போவோம். முதலில் 20 நிமிடம், பிறகு ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு. தன் ரப்பர் பொம்மையைத் தவிர வேறெதையும் கடிக்காமல் ஆறு கிழமை போக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு அளவு வைத்துக்கொண்டேன். நடுவில் ஒருமுறை தலையணை உறை போனது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். 11 மாதத்தில் கூட்டுக் கதவைத் திறந்து, அறைக் கதவைச் சாத்தி இரண்டு கிழமை. பிறகுதான் ஹோல். பத்தாம் இரவோ என்னவோ ஒரு செருப்புப் பட்டி அறுந்தது. ஒரு கிழமை திரும்பக் கூட்டில் பூட்டினேன். அவள் சிணுங்கவும் இல்லை.

நான் இப்படி வளர்த்தது ஒரே ஒரு நாயைத்தான். களுவாஞ்சிகுடியில் தங்கச்சியின் பொமரேனியன் 6 மாதத்திலிருந்தே கட்டிலடியில் உறங்குகிறது, இன்று வரை ஒன்றையும் விழுங்கவில்லை. சின்ன இனங்களுக்கு ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லாமல் இருக்கலாம். பெரிதான பிறகு எடுத்து வளர்க்கிற நாய்க்கு என் அனுபவம் பொருந்தாது. எந்த வயதானாலும், கூட்டைக் கண்டு நடுங்கி, வாயில் இரத்தம் வரக் கம்பியைக் கடிக்கிற நாயைக் கட்டாயப்படுத்திப் பூட்டாதீர்கள்.

கூட்டுக் கதவை இப்போது கழற்றியே வைத்துவிட்டேன். வெக்கை நாளில் சிட்டு குசினி வாசலில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறாள். இடி முழங்கினால் தானாகக் கூட்டுக்குள் போய்ச் சுருண்டுகொள்கிறாள், அம்மா தன் பழைய சேலையை அதற்குள் விரித்துக் கொடுத்திருக்கிறார். தும்புக் கால்மிதியை மட்டும் இரவில் இன்னும் அலுமாரிக்கு மேலேதான் வைக்கிறேன்.