திக்கிப் பேசும் இளையோருக்குக் குழுப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

ஸ்பீச் தெரபிஸ்டின் அறையில் தங்குதடையின்றிப் பேசும் பையன், வகுப்பில் தன் பெயரைச் சொல்ல எழுந்ததும் முதல் எழுத்திலேயே சிக்கி நிற்பான். அறையில் கற்றது வெளியே வருவதில்லை. குழுப் பயிற்சி உதவுவது இந்த இடத்தில்தான்.

சேரும் முன் எத்தனை பேர், என்ன வயது என்று கேளுங்கள். 10 பேருக்கு 60 நிமிடம் என்றால் ஆளுக்கு 6 நிமிடம்கூடத் தேறாது. 9 வயதுச் சிறுவன் முன்னால் 16 வயதுக்காரர் மனம் திறக்கமாட்டார்.

நல்ல குழுவில் முதல் சில வாரம் பேச்சைத் திருத்தவே மாட்டார்கள். காற்று எங்கே அடைபடுகிறது, உதட்டிலா, நாக்கிலா, தொண்டையிலா என்று அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். ஒளிந்திருக்கும் திக்கலும் அப்போது வெளிப்படும்: 'தண்ணீர்' வராது என்று பயந்து 'குடிக்க ஏதாவது' என்று மாற்றிக் கேட்பது. பிறகு வேண்டுமென்றே திக்கிப் பழகுவார்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் பயம் கரைவது இதில்தான். அதன் பின் அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சை நிபுணர் சார்ல்ஸ் வான் ரைப்பர் வகுத்த வரிசை: திக்கிய சொல்லை முடித்து, நிறுத்தி, இறுக்கமின்றி மறுபடி சொல்வது, அடுத்து, திக்கும்போதே இறுக்கத்தைத் தளர்த்தி வெளிவருவது, கடைசியில், சிக்கும் சொல்லுக்கு முன்பே தயாராவது. கடைசிப் படிதான் கடினம். அதிலிருந்து தொடங்கும் வகுப்பில் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

இழுத்து, மெதுவாகப் பேசவைக்கும் முறை முதல் நாளே பலன் காட்டும். 'முன்பு, பின்பு' வீடியோக்களின் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான். அந்த இழுவை நண்பர்களுக்கு விநோதமாகக் கேட்கும், பையன் கைவிடுவான்.

பலனை எப்படி அளக்கிறார்கள்? 100 அசைக்கு எத்தனை திக்கல் என்று மட்டும் எண்ணினால் ஏமாற்றம்தான். சொல்லை மாற்றிச் சமாளிப்பதை விட்டவருக்குத் திக்கல் முதலில் கூடும், அது முன்னேற்றம். பேச்சு வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் ஓஏஎஸ்இஎஸ் வினாத்தாளும் வேண்டும். 7–12 வயது, 13–17 வயது, பெரியவர் என மூன்று வடிவங்கள் உண்டு.

வெளிப்பயிற்சி (கடையில் கேட்பது, முன்பின் தெரியாதவரோடு தொலைபேசியில் பேசுவது) இல்லாத வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். தீவிர வகுப்பு முடிந்ததும் தொடர் சந்திப்பு இல்லையென்றால் பழைய பழக்கம் திரும்ப வாய்ப்பு அதிகம். கேலியால் நொந்து வாய் திறக்கவே அஞ்சும் பிள்ளைக்கு முதலில் தனிப் பயிற்சி; குழு பிறகு.