ஊருக்குப் போகும் விமானத்தில் போனும் பவர் பேங்கும்

துபாய் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டும்போதே பவர் பேங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். வாட்-அவர் (Wh, பேட்டரி தேக்கும் மின்சக்தியின் அளவு) 100க்குள் என்றால் கைப்பையில் போகும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. எம்ஏஎச் (mAh) மட்டும் போட்டிருந்தால் 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74, 30,000 என்றால் 111. எழுத்து அழிந்த பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் அதிகாரிகள் பறித்து வைத்துக்கொள்ளக்கூடும். வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது.

செக்-இன் பெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி ஒரு செல்லில் சூடேறினால் அடுத்தடுத்த செல்லுக்குப் பரவும். சரக்கு அறையின் தீயணைப்பு வாயு சுடரை அடக்கும், செல்லின் உள்ளே ஏறும் சூட்டைத் தணிக்காது. பயணிகள் பகுதியில் என்றால் புகை உடனே கண்ணில் படும், தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க ஆள் இருக்கிறது.

கொண்டுபோகலாம் என்பதால் பயன்படுத்தலாம் என்று ஆகாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டன. எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட்-அவருக்குள். தலைக்கு மேலுள்ள சாமான் அடுக்கில் வைக்கக் கூடாது, இருக்கைப் பையிலோ முன் இருக்கைக்குக் கீழேயோ இருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களில் மாறிப் போனால், கடுமையான விதியை வைத்தே பெட்டி கட்டுங்கள். போனில் முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். இருக்கையின் யுஎஸ்பி பல விமானங்களில் மெதுவாகத்தான் ஏற்றும்.

ஃப்ளைட் மோடு மறந்தால் பில் தொகையும் எகிறலாம். சில விமானங்களுக்குள் தனி மொபைல் நெட்வொர்க் உண்டு. ரோமிங் திறந்திருக்கும் போன் அதில் தானாக ஒட்டிக்கொள்ளும், அந்தக் கட்டணம் சாதாரண ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அடங்காது. ஃப்ளைட் மோடு போட்டபின் வைஃபை, புளூடூத் மட்டும் திறந்தால் போதும்.

போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள். நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும். பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள், எடுத்துத் தருவார்கள்.

கடைசிக் கட்டத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில் தலைக்கு மேலுள்ள சாமான் அடுக்கு சிறியது. கைப்பையைப் படிக்கட்டருகே வாங்கிச் சரக்கு அறையில் ஏற்றிவிடுவார்கள். பவர் பேங்கை மேலாகத் தனிப் பையில் வைத்திருந்தால், கொடுக்குமுன் சட்டென்று உருவிக்கொள்ளலாம்.