மனை வாங்குபவருக்கு அல்ல, ஊராருக்கு: தமிழக அரசின் நிலச் சேவைத் தளங்கள் குறித்த மதிப்புரை

தமிழக அரசின் நிலம் சார்ந்த இணையச் சேவைகளைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை மனை வாங்குபவரையும் வீடு கட்டுபவரையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. என் தேவை வேறு. எங்கள் ஊராட்சியில் வாய்க்காலை ஒட்டிய நன்செய் வயல்கள் சில கைமாறி, வரப்போரங்களில் எல்லைக்கல் நடப்பட்டபோது, அங்கே மனைப்பிரிவு வரப்போகிறதா, வந்தால் மடையும் வடிகாலும் என்னவாகும் என்ற கேள்வி கடைமடையில் பயிர் செய்யும் எல்லோருக்கும் எழுந்தது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரராக இல்லாமல், அதே ஊரில் வாழ்பவராக மட்டும் இருந்து விடை தேடும் ஒருவருக்கு இந்தச் சேவைகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் செல்ல வேண்டியது வருவாய்த்துறையின் நில ஆவணப் பக்கம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டால், பட்டா, சிட்டா, புலப்படம், அ-பதிவேட்டு விவரம் ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதே விவரங்களுக்காக வயல் வேலையை விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரின் வரவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பலரும் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊர் நலனுக்காகத் தேடுபவர் பொறுமையாகப் படிக்க வேண்டியது அ-பதிவேட்டையே. நிலம் நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம் எது, மண்ணின் வகையும் தரமும் என்ன, தீர்வை எனப்படும் நில வரி எவ்வளவு என்பவை அதில் புல எண் வாரியாக உள்ளன. ‘பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் நிலம்தானே’ என்று ஒரு வயலைப் பற்றிச் சொல்லப்படும்போது, அதற்குப் பாசன ஆதாரம் உண்டு என்பதை அரசின் பதிவேட்டிலிருந்தே எடுத்துக் காட்ட முடிவது சிற்றூர் மக்களுக்குப் பெரிய பலம். புறம்போக்கு நிலத்தைச் சரிபார்க்கும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது. மேய்க்கால், களம், வண்டிப்பாதை, ஓடை என்று நம் முன்னோர் பொதுவில் வைத்துச் சென்ற இடங்களின் புல எண்களை ஒவ்வோர் ஊரிலும் யாரேனும் ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறைகளும் உண்டு. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது புகுந்த பெயர்ப் பிழைகள், அதாவது ஊரில் யுடிஆர் பிழை என்று சொல்லப்படுபவை, திருத்தப்படாத இடங்களில் அப்படியே கணினிக்கும் வந்துவிட்டன. புலப்படம் தனித்தனிப் புலமாகவே வருவதால், ஒரு வாய்க்கால் எந்தெந்தப் புலங்களைக் கடந்து எங்கே வடிகிறது என்பதை அதை மட்டும் வைத்துக்கொண்டு புரிந்துகொள்வது கடினம். அந்தக் குறையைத் தமிழ்நாடு புவிசார் தகவல் தளம் ஓரளவு தீர்க்கிறது. செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகள் விரிவதால், வயலையும் வாய்க்காலையும் பாதையையும் சேர்த்துப் பார்க்க முடிகிறது. கைப்பேசியில் திணறினாலும் கணினியில் நன்றாகவே இயங்குகிறது. பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றுத் தேடல் நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று சொல்லும். அந்த அளவில் அது நம்பகமானது.

இனி, முடிவு எடுக்கப்படும் இடத்துக்கு வருவோம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017இல் அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதே 2017இல், எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்துக்குள் வராத ஊர்களில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான விதிகளும் வெளியாயின. நன்செய்யை மாற்றுவதென்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண்மைத் துறையின் கருத்தும் தேவைப்படுகின்றன. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் அளித்து, சாலைகளும் பொது இடமும் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் உள்ளாட்சி அமைப்பு இறுதி அனுமதி வழங்குகிறது. இந்த நடைமுறைகளுக்கான ஒற்றைச் சாளரத் தளம் விண்ணப்பதாரருக்கு உண்மையிலேயே நல்ல சேவை செய்கிறது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைப்பது, வீட்டு அனுமதிக்காக அலைந்த எளிய குடும்பங்களுக்குக் கிடைத்த நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தத் தளம் விண்ணப்பதாரருக்கும் அலுவலருக்கும் இடையில் மட்டுமே பேசுகிறது. விண்ணப்ப எண் வைத்திருப்பவர் தன் கோப்பின் நிலையை அறியலாம். கிராமத்தின் பெயரையோ புல எண்ணையோ கொடுத்து, அங்கே நில மாற்றத்துக்கோ மனைப்பிரிவுக்கோ நிலுவையில் உள்ள விண்ணப்பங்களைப் பார்க்கும் வழி எதுவும் என் கண்ணில் படவில்லை. மனைப்பிரிவின் வரைபடத்தை ஊரார் முதன்முறையாக முழுமையாகக் காணக்கூடிய இடம் பெரும்பாலும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளம்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் அங்கே பதிவாக வேண்டும் என்பதால் வரைபடமும் அனுமதி ஆணையும் அங்கே வெளியாகின்றன. ஆனால் அந்த நேரத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, மனை விற்பனைக்கு வந்துவிட்டது. வாய்க்காலின் போக்கை மாற்றாதீர்கள், வடிகாலுக்கு இவ்வளவு அகலம் விடுங்கள் என்று கடைமடை விவசாயி சொல்லியிருக்க வேண்டிய காலம் அதற்கு முன்பே கடந்துபோயிருக்கும்.

ஊராட்சி மன்றத்தைக் கேட்டு அறியலாமே என்று தோன்றும். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தெருவில் நிறுத்திக் கேட்பதற்குத் தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாத ஊர்களில், இணையத்தில் வெளிப்படையாகத் தகவல் கிடைப்பது முன்னைவிட அவசரத் தேவையாகிவிட்டது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஊராட்சி தோறும் நெல்வயல்களின் தரவு வங்கி தயாரித்து வெளியிடப்படுகிறது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோரோடு விவசாயிகளும் இடம்பெறும் உள்ளூர்க் குழு ஒன்றும் அங்கே உண்டு. பின்னர் வந்த திருத்தங்கள் அந்தச் சட்டத்தைத் தளர்த்தியிருந்தாலும், எந்த வயல் பட்டியலில் இருக்கிறது என்பதை அந்த ஊரார் அறிய முடிகிறது. நம் தளங்களில் ஏற்கெனவே புல எண் வாரியாக எல்லாத் தரவும் இருப்பதால், நிலுவை விண்ணப்பங்களின் புல எண்களை மட்டுமாவது கிராம வாரியாக வெளியிடுவது அரசுக்குப் புதுச் சுமை ஆகாது. இந்த ஒரு வசதி இல்லாததாலேயே, மற்றபடி பாராட்டத்தக்க ஒற்றைச் சாளரத் தளத்துக்கு ஐந்தில் மூன்றுக்கு மேல் மதிப்பெண் தர என்னால் முடியவில்லை. நில ஆவணப் பக்கத்துக்குத் தயங்காமல் நான்கு தருவேன்.

அதுவரை, இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியவை சில உண்டு. கல் நட்ட புலங்களின் அ-பதிவேட்டுப் பக்கங்களைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொண்டு, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன், புல எண்ணைக் குறிப்பிட்டு, விண்ணப்பம் ஏதேனும் வந்துள்ளதா என்று கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடக்கும் கிராம சபைகளில் எது அடுத்து வருகிறதோ, அதில் பாசன வாய்க்காலைப் பற்றிய தீர்மானத்தை எழுத்தில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே மனைப்பிரிவு வந்துவிட்ட ஊர்களில் செய்ய வேண்டியது வேறு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத் தளத்தில் உள்ள வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதே புல எண்ணை வருவாய்த்துறைப் பக்கத்தில் இட்டு, அது இன்னும் தனியார் பட்டாவில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால், ஊராட்சியின் பெயருக்கு மாற்றக் கோரி வட்டாட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு கொடுக்க அந்த இரண்டு அச்சுப் பக்கங்களே போதும்.