சீவரமும் அங்கியும்: காவிரிக் கடைமடையில் இரு சமய உடைகள்

முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடம் நாகப்பட்டினத்தில் நிலைத்திருந்த காலத்தில், இக்கடைமடைத் தெருக்களில் பௌத்தத் துறவியரின் சீவரம் நடமாடியது. இன்று அதே கடற்கரையில், சற்றுத் தெற்கே வேளாங்கண்ணியில், கத்தோலிக்க அருட்தந்தையரின் வெண்ணிற அங்கியைக் காண்கிறோம். அணிந்தவரை ஊராரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதே இரண்டின் வேலையும் என்றாலும், அவை உணர்த்தும் பொருள் ஒன்றன்று.

சீவரம் மூன்று துணிகளைக் கொண்டது: இடுப்பில் உடுத்துவது, மேலே போர்த்துவது, குளிருக்கு உதவும் இரட்டை மடிப்பு மேற்போர்வை. முழுத் துணியைத் துண்டுகளாக வெட்டி, மீண்டும் இணைத்துத் தைத்த பின்னரே துறவி அதை அணியலாம். அவ்வாறு வெட்டப்பட்ட துணியின் மேல் பிறருக்கு ஆசை எழாது. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் சுட்டிக்காட்டி, அந்த அமைப்பிலேயே ஆடையைத் தைக்க இயலுமா என்று புத்தர் தம் சீடர் ஆனந்தரிடம் கேட்டதாக, பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிநூலான விநய பிடகம் கூறுகிறது. எல்லாவற்றையும் துறந்தவர் தம் உடலின் மேல் நெல்வயலின் வடிவத்தைச் சுமந்து திரிகிறார் என்பதைப் போல் டெல்டாக்காரர் நெஞ்சைத் தொடும் செய்தி வேறு எந்த உடையிலும் இல்லை என்பேன்.

அங்கியோ கழுத்திலிருந்து கணுக்கால்வரை அளவெடுத்துத் தைக்கப்படுவது. ஐரோப்பாவில் உலகுக்கு இறந்தவர் என்பதைக் குறித்த கறுப்பு, வெப்ப நாடுகளில் வெள்ளையாயிற்று. திருப்பலி வழிபாட்டில் குரு அணியும் மேலாடையின் நிறமோ வழிபாட்டுக் காலத்தைச் சொல்கிறது: தவக்காலத்துக்கு ஊதா, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வெள்ளை, தூய ஆவியார் பெருவிழாவுக்குச் சிவப்பு. சீவரத்துக்கு இந்த மொழி கிடையாது.

அன்றாடப் பயன்பாட்டில் நான் சீவரத்தின் பக்கமே நிற்பேன். சித்திரை வெயிலில் போர்த்திய துணியைத் தளர்த்திக் காற்று வாங்கலாம். ஐப்பசி அடைமழையில் கைகளும் மடிப்புகளும் உள்ள அங்கியைவிட விரித்துப் போட்ட துணி விரைவில் உலரும். இரவில் அதுவே போர்வையுமாகும். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவரே ஐரோப்பிய அங்கியை விடுத்துக் காவி உடையை ஏற்றார். துறவை இம்மக்கள் எந்த உடையில் அடையாளம் காண்பார்கள் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆனால் பீடத்தின் முன் இரு கைகளையும் உயர்த்தி நெடுநேரம் நிற்க வேண்டிய குருவுக்கு, தோளிலிருந்து நழுவும் போர்வை உதவாது. அங்கே தைத்த அங்கிதான் பொருந்தும்.